கடலோர நடைபாதையில் பொதுவெளிக் கலை: இராமநாதபுரம் கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீளமுடையது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே மண்டபமும் பாம்பன் தீவும். காரங்காட்டின் அலையாத்திக் காடு, அரியமானின் சவுக்குத் தோப்பு, குந்துகாலுக்கு எதிரே தெரியும் குருசடைத் தீவு, தனுஷ்கோடியின் வெறும் மணல் என்று ஒரே மாவட்டத்துக்குள் நிலத்தின் முகம் பலமுறை மாறுகிறது. இந்தக் கரையோரம் நடைபாதை ஒன்றை அமைத்து, அந்த நிலத்திலிருந்தே பிறந்த கலைப்படைப்புகளை அதில் வைக்க விரும்பும் ஊராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் கலைஞர்களுக்கும் பயன்படும் வகையில், செய்ய வேண்டியவற்றை அவை வர வேண்டிய வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

கடற்கரையை அழகுபடுத்துவது என்றால் நம் ஊர்களில் பெரும்பாலும் சிமென்ட்டில் வாய் பிளந்த மீன் ஒன்று, நீலச் சாயம் பூசிய டால்பின் ஒன்று, 'ஐ லவ்' என்று தொடங்கி ஊர்ப்பெயரில் முடியும் ஆளுயர எழுத்துகள் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடுகிறது. அவற்றின் முன்னால் நிற்பவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார். இங்கே பரிந்துரைக்கப்படும் வழி அதற்கு நேர் எதிரானது. நடப்பவரின் கண்ணைத் தன்மேல் நிறுத்திக்கொள்ளாமல், அவர் கவனிக்காமல் கடந்து போகும் காற்றையும் மணலையும் செடியையும் உழைப்பையும் நோக்கித் திருப்பிவிடும் படைப்பே இந்தக் கரைக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. இனி வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கருத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது.

முதல் படி: நடந்து பார்த்தல்

வரைபடத்தையோ கலைஞரையோ தேடுவதற்கு முன்னால், தேர்ந்தெடுத்த கரைத்துண்டை வெவ்வேறு பருவங்களில் நடந்து பார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு பருவங்களையாவது பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. பாம்பன் தீவில் மீனவர்கள் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது அமைதியானது, பின்னது முரட்டுத்தனமானது என்பது பொதுவான எண்ணம். ஆனால் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான் தென்கடல் சீறும். ஐப்பசிக்குப் பின் வாடை தொடங்கிவிட்டால் அமைதியானது என்று பெயரெடுத்த வடகடலும் படகுகளைக் கரையில் மோதி உடைக்கும். சித்திரையில் மட்டும் வந்து பார்த்தவர் தேர்ந்தெடுக்கும் இடம் கார்த்திகையில் தண்ணீருக்குள் இருக்கக்கூடும்.

நடக்கும்போது குறிப்பேட்டில் எழுத வேண்டியவை அழகான காட்சிகள் மட்டுமல்ல. நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, மணல் எந்தப் பக்கம் குவிகிறது, மக்கள் தாமாகவே எந்த இடத்தில் நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பவற்றையும் எழுத வேண்டும். ஏற்கெனவே காலடி பட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடம் இருந்தால் அதுவே உங்கள் பாதை. அதைவிட நேரான கோட்டை வரைபடத்தில் இழுப்பதால் நன்மை எதுவும் இல்லை.

எடுத்துக்காட்டாக, பாம்பனின் தென்கரையில் சின்னப்பாலத்திலிருந்து குந்துகால் நோக்கி நடப்பதாக வைத்துக்கொள்வோம். கையகலத் துண்டு நிலத்தில்கூடப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. மணலோடு மணலாகப் படர்ந்த அடும்பின் இலை நடுவில் பிளந்திருக்கும். அதன் ஊதாப் பூ காலையில் விரிந்து வெயில் ஏற ஏற வாடிவிடும். இராவணன் மீசை என்று ஊரார் சொல்லும் முட்புல் உருண்டையான விதைக்கதிர் ஒன்றை உருவாக்குகிறது. காய்ந்ததும் அது செடியிலிருந்து கழன்று, கூரான முட்களின் நுனியில் நின்றபடி காற்றோடு உருண்டு, ஈரமணல் வந்ததும் சட்டென்று நின்றுவிடும். காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை எந்தச் சிற்பியும் செய்துவிட முடியாது. சற்று உள்ளே தள்ளி உடைமரங்கள் தட்டையான உச்சியோடு குடை விரித்து நிற்கும்; கடலோரமாக நிற்பவற்றின் உச்சி காற்றுக்கு ஒதுங்கிச் சாய்ந்திருக்கும்.

மனிதர்களையும் அதே உன்னிப்போடு பார்க்க வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள், கல் கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலை இறுக்கிச் சுற்றிக்கொள்கிறார்கள். கண்ணில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என்று பாசிகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள். துணி சுற்றிய அந்த விரல்கள் ஒரு சிற்பத்துக்குப் போதுமான பொருள். தலையில் கூடையும் முகத்தில் புன்னகையுமாக நிற்கும் வழக்கமான மீனவப் பெண் சிலை அதன் முன்னால் நிற்காது.

இரண்டாம் படி: வைக்கக் கூடாத இடங்களை முதலில் குறித்தல்

எங்கே வைக்கலாம் என்று தொடங்கினால் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். அதனால் வைக்கக் கூடாத இடங்களைச் சிவப்பு மையால் முதலில் அடித்துவிட்டு, மிஞ்சியதில் வேலை செய்வதே முறை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடற்பரப்பும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. 1989-இல் அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தீவுகளை நினைத்தே பார்க்க வேண்டாம். கரையிலிருந்து அவற்றைப் பார்க்க ஓர் இருக்கை அமைத்தால் போதும். தனுஷ்கோடிப் பகுதியின் நீர்ப்பரப்புகள் 2025 ஜூன் மாதத்தில் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பூநாரைகளும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இரைதேடும் சேற்றுப்பரப்பின் ஓரம் உயரமான எதுவும் வரக் கூடாது. தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மணற்பரப்பில் அடித்தளம் தோண்டுவதோ விளக்கு வைப்பதோ அறவே கூடாது. அடும்பும் முட்புல்லும் பிடித்துவைத்திருக்கும் மணல்மேடு ஊரைக் காக்கும் அரண். பார்ப்பதற்கு வெற்றிடமாகத் தெரிவதால் முதலில் இடிபடுவதும் அதுதான்.

அடுத்து, தொழில் நடக்கும் இடங்கள். கரைவலை இழுக்கும்போது இரண்டு வரிசையாக ஆள்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடந்து வருவார்கள்; அந்த நீண்ட வெற்று மணலின் நடுவே ஒரு சிற்பம் நிற்பது ஒரு நாள் சம்பாத்தியத்துக்கு இடையூறு. மீன் காயப்போடும் தரை, வத்தை, வள்ளம் முதலிய படகுகளை ஏற்றி வைக்கும் இடம், வலையின் கிழிசலைப் பொத்தும் நிழல் ஆகிய எல்லாவற்றையும் அந்தந்த ஊர் மீனவர்களைக் கேட்டே குறிக்க வேண்டும். தேவிபட்டினம், சேதுக்கரை, அக்னி தீர்த்தம் போன்ற இடங்களில் சடங்குக்கு வருபவர்களின் வழியும் அப்படியே.

தனுஷ்கோடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயலில் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலோடு ஊரே அழிந்தது. எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளக்கற்கள் தெரிகின்றன. அருகில் போய்ப் பார்த்தால், உயிர் வாழ்ந்த காலத்தில் அந்தப் பவளம் வளர்ந்த வரிகளும் குழிகளும் அப்படியே இருக்கின்றன. கடலிலிருந்து வந்த கல்லால் கட்டிய ஊரைக் கடலே எடுத்துக்கொண்டது என்பதை அந்தச் சுவர் தானே சொல்லிவிடுகிறது. அங்கே நாம் வைக்கும் நினைவுச் சிற்பம் எதுவும் மிகையாகத்தான் இருக்கும். இழந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இராமேசுவரத்திலும் பாம்பனிலும் இருக்கின்றன. அவர்கள் கேட்டால் ஒழிய அந்த இடத்தைத் தொடாமல் விடுவதே மரியாதை.

மூன்றாம் படி: அனுமதி

இந்தப் படி அலுப்பானது, ஆனால் தாண்ட முடியாதது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது. 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் அறிவிக்கைகள் மணல்மேடு, அலையாத்தி, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை போன்றவற்றை மிகக் கடுமையான முதல் வகையில் வைக்கின்றன. உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்பதை மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வழியாக உறுதி செய்துகொள்ள வேண்டும். இடம் புறம்போக்கா, வனத்துறையினுடையதா, துறைமுகத்தினுடையதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் பெறுவது நல்லது. தேசியப் பூங்காவை ஒட்டிய இடமானால், இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகம்தான் முதல் வாசல்.

ஊர் ஒப்புதலுக்குக் கிராம சபையே சரியான மேடை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. தீர்மானத்தை அங்கே நிறைவேற்றிக்கொண்டு மற்ற அலுவலகங்களுக்குப் போனால் கோப்பு நகரும். கூடவே ஒன்று: உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் இருப்பதால், கரையைப் படம் பிடிக்க டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதற்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

நான்காம் படி: பொருளைக் கண்டடைதல்

எதைப் பற்றிய படைப்பு என்பதை ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்தால் சங்கு, முத்து, மீன் என்ற மூன்றைத் தாண்டிப் போகாது. ஊர்ப் பெரியவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் நடைபாதைக்கே அழைத்துவந்து, அவர்கள் எதைச் சுட்டிக்காட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் கிடைக்கக்கூடிய சில பொருள்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

காற்று முதலாவது. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்த மக்கள் இவர்கள். பாதையில் நான்கு இடங்களில் நான்கு கல் இருக்கைகள் அமைத்து, ஒவ்வொன்றும் ஒரு காற்று வரும் திசையைப் பார்த்திருக்குமாறு வைத்து, அதன் பெயரையும் அந்தக் காற்றில் என்ன மீன் படும் என்பதையும் கல்லிலேயே வெட்டி வைக்கலாம். எந்தப் பெயர் எந்தத் திசைக்கு என்பது ஊருக்கு ஊர் சற்று மாறும் என்பதால், நூலைப் பார்த்து எழுதாமல் அந்த ஊர் மீனவர்களிடம் கேட்டே வெட்ட வேண்டும். உட்காரவும் உதவி, கற்றுக்கொள்ளவும் உதவும் இத்தகைய படைப்பைப் பற்றி ஊரில் யாரும் 'இது எதற்கு?' என்று கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது, கப்பல். வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளோடு, பாய்மரக் கப்பல் கீறப்பட்ட பானை ஓடும் கிடைத்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்து யாரோ ஒருவர் கீறிய கோடுகள் அவை. இந்தக் கரையில் கடற்காட்சியைப் பார்த்துப் படைக்கப்பட்ட கலைக்கு அதைவிட நல்ல முன்னோடி இல்லை. ஆற்றங்கரை, அழகன்குளம் பகுதியில் பாதை அமைப்பவர்கள் அந்தக் கோடுகளைப் பெரிய அளவில் தரைக்கல்லில் வெட்டலாம்.

மூன்றாவது, படகில் பூசும் வண்ணம். படகின் முன்பக்கமான அணியத்தில் எழுதப்படும் பெயர்களும், கண்ணும், கோடுகளும் உள்ளூர் ஓவியர்களின் கைத்திறன். படகுத்துறையை ஒட்டிய மதில்களில் ஓவியம் வரைய வேண்டுமானால் வெளியூர்க் குழுவைத் தேடும் முன்னால் அந்த ஓவியர்களிடம் தூரிகையைக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அடுத்தடுத்து வாழும் கரை இது. தலைவர் உருவம், சாதி அடையாளம், கட்சி வண்ணம், ஒரு சமயத்தின் சின்னம் ஆகியவற்றில் எதைக் கொண்டுவந்தாலும் பாதை ஒரு தரப்பின் சொத்தாகிவிடும். அதன்பின் அதற்குக் கூண்டு போட்டுக் காவல் வைக்கும் நிலை வரும். காற்றும் மணலும் பாசியும் யாருக்கும் பகையல்ல.

வெளிநாட்டு மாதிரிகளை அப்படியே எடுப்பதும் வேண்டாம். இங்கிலாந்தின் கிராஸ்பி கடற்கரையில் ஆண்டனி கோர்ம்லி 2005-இல் நிறுவிய நூறு இரும்பு மனிதர்கள், ஓதம் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளிப்படுவதால்தான் பொருள் பெறுகிறார்கள். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்த நாடகம் இங்கே நடக்காது. இங்கே நாள்தோறும் மாறுவது மணலும் காற்றும்தான். படைப்பு அவற்றோடுதான் உறவு கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: உப்புக்குத் தாங்கும் பொருள்கள்

இந்தக் கரையில் பெரும்பாலான முயற்சிகள் தோற்பது கற்பனைக் குறைவால் அல்ல, உப்பால். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் ஆண்டு முழுவதும் வண்ணம் பூசிப் பராமரிக்கப்பட்டும், அரிமானம் முற்றியதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் என்னும் அரிமானத் தடுப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாதாரண இரும்புக் குழாயை வெல்டிங் செய்து, இரண்டு கோட்டு எனாமல் அடித்து நிறுத்தும் சிற்பம் எத்தனை நாள் தாங்கும் என்பதை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் 304 ரகம்தான் கொடுப்பார்கள். கடலோரத்துக்கு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 ரகமே வேண்டும். அதுவும் அவ்வப்போது நன்னீரால் கழுவாவிட்டால் பழுப்புக் கறை படியும். துருவையே அழகாகக் காட்டும் கார்ட்டன் எஃகு படங்களில் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் உப்புக்காற்றில் அதன் காப்புப் படலம் நிலைக்காது. அதைத் தவிர்க்க வேண்டும். வெவ்வேறு உலோகங்களை ஒன்றோடொன்று தொடவிட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் என்பதால், போல்ட்டும் வாஷரும்கூட ஒரே உலோகமாக இருக்க வேண்டும்.

கான்கிரீட்டில் உள்ளே இருக்கும் கம்பிதான் பலவீனம். இந்தியத் தர நிர்ணயம் 456-இன்படி கடல்நீர்ச் சாரல் படும் இடத்தில் குறைந்தது எம் 35 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் மறைப்பும், 0.45-ஐத் தாண்டாத நீர்–சிமென்ட் விகிதமும் வேண்டும். நம் பக்கத்தில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. கலக்கவும், இறுகும்வரை ஈரமாக வைத்து நீராற்றவும் நன்னீர் லாரி வரவழைக்கும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். கடல் மணலைக் கலக்கவே கூடாது. இத்தனை தொல்லையையும் தவிர்க்க ஓர் எளிய வழி, கம்பியே தேவைப்படாத அளவுக்குத் தடித்த, தாழ்வான, சிறு கட்டைகளாகப் படைப்பை வடிவமைப்பதுதான்.

எல்லாவற்றிலும் மேலானது கருங்கல். குறைந்த சூட்டில் சுட்ட மண் உருவங்கள் உப்பை உறிஞ்சிச் செதில் செதிலாக உதிரும். அய்யனார் கோயில் குதிரையைப் போல ஒன்றைக் கடலோரம் நிறுத்த ஆசை வரும், அதை உள்நாட்டுக்கே விட்டுவிடுவது நல்லது. கண்ணாடியிழைக்கு இங்கே ஒரு தனி வசதி உண்டு: பைபர் படகு செய்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் கரைதோறும் இருப்பதால், அச்சு எடுத்து உருவம் வார்க்கவும் பின்னாளில் ஒட்டுப் போடவும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

பவளக்கல், சங்கு, சிப்பி ஆகியவற்றை ஒட்டி அலங்கரிக்கும் யோசனையைப் பள்ளிகள் அடிக்கடி முன்வைக்கின்றன. பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் பலவகைச் சங்கு சிப்பிகளும் 2001 முதல் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளன. கரையில் செத்து ஒதுங்கியதுதானே என்ற வாதம் செல்லாது. கிழிந்த நைலான் வலையையும் கயிற்றையும் கொண்டு சிற்பம் செய்வதைப் பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. கருத்து நல்லதுதான், ஆனால் வெயிலில் நைலான் நொறுங்கித் தூளாகி மீண்டும் கடலுக்கே போகிறது. அத்தகைய படைப்பைக் கூரைக்கு உள்ளேயோ, சில வாரங்களுக்கு மட்டுமோ வைக்கலாம்.

ஆறாம் படி: ஒரு படைப்பைச் செய்து பார்த்தல்

பெருந்திட்டத்துக்குப் போகும் முன்னால், ஊரார் சேர்ந்து ஒரு சிறு படைப்பைச் செய்து பார்ப்பது நல்லது. இங்கே பரிந்துரைப்பது மணல் வரிக் கட்டை. காற்றோ அலையோ மணலில் எழுதிவைக்கும் வரிகளை அப்படியே தரைக்கட்டையில் பதித்து, பாதையின் குறிப்பிட்ட இடங்களில் பாவுவது.

அதிகாலையில், வரிகள் கலையாமல் ஈரமாக இருக்கும் இடமாகப் பார்த்து, ஏறத்தாழ ஓரடிச் சதுரமும் நான்கு விரல் உயரமும் உள்ள மரச்சட்டத்தை மெதுவாக மணலில் அழுத்த வேண்டும். தயிர்ப் பதத்தில் கரைத்த பாரீஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ்), உள்ளங்கையைத் தடுப்பாகப் பிடித்து அதன்மேல் விழுமாறு ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் வரி கரைந்துவிடும். சாந்து இறுகும்போது தொட்டால் சூடு தெரியும். சூடு அடங்கியதும் சட்டத்தோடு தூக்கிவிடலாம். ஒட்டிய மணலை அங்கேயே உதறிவிட வேண்டும். சிந்திய சாந்தில் ஒரு துண்டைக்கூடக் கரையில் விடக் கூடாது. மணலையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கையில் இருப்பது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிய தலைகீழ் அச்சு. அதை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, மேலே சோப்புக் கரைசலை இரண்டு மூன்று முறை தடவி, சல்லடையில் சலித்த ஆற்றுமணலோ எம்-சாண்டோ கலந்த நுண் கான்கிரீட்டை அதில் நிரப்பித் தட்ட வேண்டும். மறுநாள் அச்சைப் பிரித்து, கட்டையை ஈரச்சாக்கு போர்த்தி இரண்டு வாரம் நீராற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் அந்த வரி எடுக்கப்பட்ட மாதத்தையும் அன்றைய காற்றின் பெயரையும் பொறிக்கலாம். கச்சான் காலத்து வரிகளும் வாடைக் காலத்து வரிகளும் ஒன்று போல் இருப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்கு அது புலப்படும். கால் வழுக்காத, கம்பி இல்லாத, உடைந்தால் மாற்றக்கூடிய படைப்பு என்பதால் முதல் முயற்சிக்கு இது பொருத்தமானது.

ஏழாம் படி: நிறுவுதல்

இரண்டு கிலோமீட்டர்ப் பாதைக்கு ஐந்து படைப்புகள் போதும். பத்து வைத்தால் அது பாதை அல்ல, கண்காட்சித் திடல். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியக் கூடாது. உயரம் ஆள் உயரத்தைத் தாண்ட வேண்டிய தேவை அநேகமாக வராது. கிழக்கு நோக்கிய இடத்தில் காலை வெயிலும் மேற்கு நோக்கிய இடத்தில் மாலை வெயிலும் படைப்பின் மேற்பரப்பில் எப்படி விழுகின்றன என்பதை அட்டை மாதிரியை வைத்துப் பார்த்த பின்பே அடித்தளம் போட வேண்டும்.

பாதையைத் தார் போட்டோ சிமென்ட் ஓடு பாவியோ மூட வேண்டாம். சக்கர நாற்காலி போக வேண்டிய பகுதியில் மட்டும் 1.5 மீட்டர் அகலத்துக்கு இறுகிய தளமோ மரப்பலகைத் தளமோ அமைத்து, மற்ற இடங்களில் மணலை மணலாகவே விடலாம். கரை கரைகிறதா வளர்கிறதா என்பதை கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டு யாரும் பார்த்துக்கொள்ளலாம். கரையும் இடத்தில் கழற்றக்கூடிய அடித்தளம் தவிர வேறெதையும் போடக் கூடாது.

விளக்கு வேண்டாம். ஆமைக்குஞ்சுகள் கடலின் மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை; கரைப்பக்கம் வெளிச்சம் இருந்தால் ஊருக்குள் ஏறிச் செத்துப்போகும். பாதுகாப்புக்காக வைத்தே ஆக வேண்டுமானால், முழங்காலுக்குக் கீழே, கடலுக்கு மறைவாக, செம்மஞ்சள் ஒளி மட்டும்.

விளக்கப் பலகை சிறிதாக, தமிழ் மேலே வருமாறு, நான்கைந்து வரிகளுக்குள் இருக்கட்டும். திறந்துவைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் படைப்பை விடப் பெரிதாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் சாமர்த்தியம்.

எட்டாம் படி: ஒப்பந்தம்

கலைஞருக்குக் கூலியும், பொருளுக்கான செலவும், பராமரிப்புத் தொகையும் தனித்தனித் தலைப்புகளில் இருக்க வேண்டும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கு ஒதுக்குமாறு பரிந்துரைக்கிறேன். மாமல்லபுரம், கும்பகோணம், சென்னை அரசுச் சிற்ப, கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்களை அழைப்பது நல்லதே. இலவசமாகச் செய்யச் சொல்வது நல்லதல்ல. பாசி எடுக்கும் பெண்ணின் கையை அச்செடுத்தால் அவருக்கும் அன்றைய கூலி கொடுக்க வேண்டும்.

படைப்பின் ஆயுள் எவ்வளவு, யார் எப்போது அகற்றலாம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பை விற்ற பின்னும் அது சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையைக் கலைஞருக்கு அளிக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச்சிற்பம் 1979-இல் பெயர்த்தெடுக்கப்பட்டதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஊராட்சித் தலைவர் மாறியதும் சிற்பமும் மாறும் வழக்கமுள்ள ஊர்களில் இதை உரக்கப் படித்துக் காட்டலாம்.

நிரந்தரமாக வைப்பதற்குத் துணிவு வராதவர்கள் தற்காலிகக் காட்சியிலிருந்து தொடங்கலாம். சிட்னியின் போண்டை கடற்கரைப் பாதையில் 1997-இல் தொடங்கிய சிற்பக் காட்சி, சில வாரங்களே நின்று பின்னர் முழுவதும் அகற்றப்படுவது. மாசி மாதத்தில் ஒரு வாரம் பனையோலை, மூங்கில், கோணிச்சாக்கு ஆகியவற்றால் செய்து, முடிந்ததும் எடுத்துவிட்டால் அனுமதியும் எளிது, செலவும் குறைவு. ஓலைப் பின்னல் தெரிந்த பெண்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: பராமரிப்பும் அகற்றலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, பழைய வண்ணத்தைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, புதிதாக வண்ணம் பூசும் காலம் அது. பாதையில் உள்ள மதில் ஓவியங்களையும் மரவேலைகளையும் அதே நாள்களில், அதே ஓவியர்களைக் கொண்டு புதுப்பிப்பதாக ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிட்டால் பராமரிப்பு தனி வேலையாக இராது. வருமானம் குறைந்த அந்த மாதங்களில் அவர்களுக்குக் கொஞ்சம் கூலியும் கிடைக்கும். உலோகப் படைப்புகளைக் கச்சான் ஓய்ந்த பின் ஒரு முறையும், மழை முடிந்து தை பிறந்ததும் ஒரு முறையும் நன்னீரால் கழுவித் துடைக்க வேண்டும். போல்ட்டுகளை அப்போதே இறுக்கிப் பார்த்து, எந்தப் படைப்பில் என்ன பழுது என்பதைத் தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் எவற்றைக் கழற்றுவது, யார் கழற்றுவது, எந்தக் கட்டடத்தில் வைப்பது என்ற பட்டியல் ஐப்பசி பிறக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஸ்பேனரும் அந்தப் பட்டியலும் ஒரே பெட்டியில் இருந்தால் நல்லது. கழற்ற முடியாதபடி துருவேறிய படைப்பையும், கூர்முனை வெளியே வந்த படைப்பையும், மணல் மூடிவிட்ட படைப்பையும் மீட்கப் பணம் செலவிட வேண்டியதில்லை. கலைஞருக்கு எழுத்தில் தெரிவித்து, படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, அடித்தளத்தோடு தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியை அதே மணலால் மூடி, மேலே அடும்புக் கொடியின் துண்டு ஒன்றை நட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் நட்டால் தண்ணீர் ஊற்றாமலே அது பிடித்துக்கொள்ளும்.